ஊரே அடைக்கும்போது கம்பெனி நடத்துவது எப்படி? திருப்பூர்ப் பட்டறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை தொடங்கியது. இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து 21 நாள் நாடே அடைப்பு என்றார். எங்கள் கம்பெனியில் வெட்டிக் கட்டிய பண்டல்கள் கட்டிங் டேபிள் மேலேயே கிடந்தன. ஓவர்லாக் மெஷினில் கோத்த நூல் அப்படியே இருந்தது. திரும்ப ஷட்டரைத் தூக்கியது மே மாதம்.

நாற்பது பேர் வேலை செய்யும் சின்ன பனியன் கம்பெனி எங்களுடையது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் தைத்துக் கொடுப்போம். கொரோனாவின் முதல் அலை, இரண்டாம் அலை, அதன் பிறகு ஏறிய நூல் விலை என்று எல்லாவற்றையும் பட்டறைக் கொட்டகையான இந்தச் செட்டுக்குள் இருந்தே பார்த்தேன். அந்த மூன்று வருடத்தில் கற்றதைத் தொழில் செய்கிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் பனியன் தைக்காமல் ஹோட்டலோ, அச்சகமோ, லேத் பட்டறையோ நடத்தினாலும் பெரும்பாலானவை பொருந்தும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோய்க் காலத்தில் நஷ்டம் வருவதை யாராலும் தடுக்க முடியாது. அந்த நஷ்டம் யார் தலையில் முதலில் இறங்குகிறது, யார் தலையில் கடைசியாக இறங்குகிறது என்பதைத் தீர்மானிப்பது மட்டும் முதலாளியின் கையில் இருக்கிறது. பொறுப்போடு நிர்வாகம் செய்வது என்றால் எனக்குத் தெரிந்து இந்த வரிசையைச் சரியாக வைப்பதுதான். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதே கேள்விதான் வேறு வேறு முகத்தோடு வரும்.

படி 1: கையில் எத்தனை வாரம் இருக்கிறது?

அடைப்பு அறிவித்த அன்றே உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இது. லாப நஷ்டக் கணக்கு ஆடிட்டருக்கு உதவும். இப்போது உங்களுக்கு வேண்டியது வாரக் கணக்கு. திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பதால் எங்களுக்கு இது இயல்பாகவே வந்தது. மாதச் சம்பளம் கொடுப்பவர்களும் வாரமாகவே போடுங்கள். மாதமாகப் போட்டால் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது.

ஒரு நீள நோட்டை எடுங்கள். இடது ஓரத்தில் 1 முதல் 13 வரை வார எண். அடுத்த கட்டத்தில் அந்த வாரம் நிச்சயமாக வரும் பணம். அதற்கடுத்து அந்த வாரம் கட்டாயம் போகும் பணம். கடைசியில் மிச்சம். "வரும் என்று சொன்னார்கள்" என்ற பணத்தை இரண்டாவது கட்டத்தில் எழுதாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு பக்கம் வையுங்கள்.

எங்கள் நோட்டில் அன்று இருந்தது இது. வங்கியில் 4,10,000 ரூபாய். எங்களுக்கு வேலை கொடுக்கும் நான்கு பார்ட்டிகளிடம் வர வேண்டியது 11,60,000. அதில் ஒரு ரூபாய்கூட நிச்சயமில்லை. வாரச் சம்பளம் 1,30,000. முழுச் சம்பளம் போட்டால் மூன்று வாரத்தில் 3,90,000 போய்விடும், வாடகைக்கும் கரண்டுக்கும் 20,000தான் மிஞ்சும். பாதி போட்டு, வாடகையைப் பேசிக் குறைத்து, வங்கித் தவணையைத் தள்ளினால் வாரம் சுமார் 73,000 ஆகும். அப்படியானால் ஐந்தரை வாரம். அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் "என்ன ஆகுமோ" என்ற பயம் போய், "ஐந்தரை வாரத்துக்குள் என்ன செய்வது" என்ற கேள்வி வந்தது. கேள்வி கையில் இருந்தால் வேலை செய்யலாம்.

படி 2: யாருக்கு முதலில், யாருக்குக் கடைசியில்

பணம் பற்றாதபோது சத்தம் போடுகிறவருக்கு முதலில் கொடுப்பது மனித இயல்பு. வங்கியிலிருந்து போன் வரும், வாடகைக்காரர் நேரில் வருவார். நூல் வெட்டிக் கொடுக்கும் ஹெல்ப்பர் அக்கா சத்தமே போட மாட்டார். வரிசையை எழுதி வைத்துக்கொள்ளாவிட்டால் அவர்தான் கடைசியில் நிற்பார். ஆகவே எழுதுங்கள். நான் எழுதிய வரிசை: மிகக் குறைந்த சம்பளக்காரர்கள், நோய் வந்தவர்களின் செலவு, பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு); மற்றவர்கள் சம்பளம்; நூல், ஊசி, டீ என்று நம்மை நம்பி வாழும் சின்னக் கடைகள்; வாடகை; வங்கி; கடைசியாக என் வீட்டுச் செலவு.

சம்பளத்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றால் எல்லோருக்கும் ஒரே சதவீதம் என்று வெட்டாதீர்கள். பார்க்க நியாயமாகத் தெரியும், ஆனால் நியாயமில்லை. நாற்பதாயிரம் வாங்கும் மேனேஜருக்கு இருபது சதவீதம் குறைந்தால் ஒரு சீட்டுப் பணம் தள்ளிப்போகும். எட்டாயிரம் வாங்கும் அக்காவுக்கு அதே இருபது சதவீதம் குறைந்தால் அரிசியும் கேஸும் நிற்கும். அடைத்திருந்த வாரங்களில் நாங்கள் ஹெல்ப்பர், செக்கிங் ஆட்களுக்கு 70 சதவீதம், டெய்லர்களுக்கு 50, மேனேஜருக்கும் கட்டிங் மாஸ்டருக்கும் 30 என்று போட்டோம். நான் எடுக்கவில்லை. மொத்தம் பாதிக்குள் அடங்கியது.

இதில் சட்டத்தின் பக்கமும் உண்டு. 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், அடைப்புக் காலத்துக்கும் பிடித்தம் இல்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. மே மாதம் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளிகளும் தொழிலாளர்களும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றது. எனக்கு முழுச் சம்பளம் போடச் சக்தியில்லை. மீதியை ஒவ்வொருவர் பெயரிலும் நோட்டில் எழுதி, அதை அவர்களிடம் காட்டி, ஒரு பகுதியைத் தீபாவளி போனஸோடு சேர்த்துக் கொடுத்தேன். கொடுக்க முடியாததைக் கொடுக்க முடியாது என்று எழுதிக் காட்டலாம். பேசாமல் விழுங்குவதுதான் தப்பு.

வங்கியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. நிறையப் பேர் அதைத் தள்ளுபடி என்றே நினைத்தார்கள். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பத்து லட்சம் கடன், 12 சதவீத வட்டி என்றால் ஆறு மாதத்தில் 60,000 ரூபாய் ஏறிவிடும். தள்ளிவைத்த காசு ஆட்களின் சம்பளத்துக்குப் போனால் அது சரியான கடன். கையில் காசு இருந்தும் "எதற்கும் இருக்கட்டும்" என்று தள்ளினால் அது தண்டம்.

படி 3: தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததையும் சொல்லுங்கள்

இதில் நான் செய்த தப்பை மறைக்காமல் எழுதுகிறேன். அடைப்பு தொடங்கிய இரவு ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு தம்பிகள் போன் செய்தார்கள். ஊருக்குப் போவதா, இருப்பதா என்று கேட்டார்கள். அவர்கள் ரூமுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எப்படியாவது கிளம்பிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார்கள். நான், "ரெண்டு வாரத்துல திறந்துருவோம் தம்பி, இருங்க" என்றேன். ஆறுதலாகச் சொன்ன வார்த்தை. அதை நம்பி அவர்கள் இருந்தார்கள். ஏப்ரல் கடைசியில் ரூம் வாடகை பாக்கி, கையில் காசில்லை, வீட்டில் அம்மா அழுகிறார். மே மாதம் சிறப்பு ரயில்கள் ஓடத் தொடங்கிய பிறகு போய்ச் சேர்ந்தார்கள். இருவரில் ஒருவர் திரும்ப வரவேயில்லை. எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலச் சொன்னேன். அதன் செலவை அவர்கள் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு முறை வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்ஆப்பில் குரல் பதிவு போகும். அதில் மூன்றே விஷயம்: இன்றைக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, அடுத்து எப்போது சொல்வேன். "இந்த வாரம் பாதிச் சம்பளம் உண்டு, பணம் போட்டாச்சு. அடுத்த வாரமும் உண்டு. அதற்கடுத்த வாரம் இப்ப தெரியாது. வர்ற சனிக்கிழமை அஞ்சு மணிக்குச் சொல்றேன்." இவ்வளவுதான். எழுத்தாக அனுப்பினால் எல்லோராலும் படிக்க முடியாது. குரலாக அனுப்புங்கள். இந்தி தெரிந்த ஒருவரை வைத்து இந்தியிலும் சொல்ல வையுங்கள். கெட்ட செய்தி இருந்தாலும் அந்த ஐந்து மணி தவறக் கூடாது. ஒரு வாரம் குரல் வராவிட்டால் மறு வாரம் வதந்தி வரும்.

முன்பு எங்கள் செக்கிங் அக்கா ஒருவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் செய்து, "ஏனுங் தம்பி, நாளைக்குச் சம்பளம் உண்டுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். மூன்றாவது குரல் பதிவுக்குப் பிறகு அந்தப் போன் நின்றது.

படி 4: காற்றைக் கவனியுங்கள்

திறக்க அனுமதி வந்ததும் நாங்களும் எல்லோரையும்போலச் சானிடைசர் கேன், நெற்றியில் வைக்கும் தெர்மாமீட்டர், மருந்து அடிக்கும் மெஷின் என்று வாங்கினோம். ஒவ்வொரு மெஷினையும் துடைத்தோம். அந்தச் செலவில் பெரும்பகுதியை எக்ஸாஸ்ட் ஃபேனில் போட்டிருக்க வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. கொரோனா முக்கியமாகக் காற்றில் பரவுகிற நோய். 2021 மே மாதம் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் வெளியிட்ட அறிவுரை இதைத் தெளிவாகச் சொன்னது: பெரிய எச்சில் துளிகள் இரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடும், நுண்துளிகள் பத்து மீட்டர் வரை போகலாம். ஜன்னலைத் திற என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் செட்டை நீங்களே சோதிக்கலாம். எல்லா மெஷினும் ஓடும் நேரத்தில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, ஆட்கள் உட்காரும் உயரத்தில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடங்கள். பஞ்சும் துணியும் இருக்கிற இடம், கையில் ஒரு தண்ணீர்க் கிண்ணத்தோடு நடங்கள். புகை ஒரு திசையில் இழுபட்டு வெளியே போனால் நல்லது. அந்தரத்தில் நின்று சுருண்டால் அந்த இடத்தில் காற்று செத்துக் கிடக்கிறது. எங்கள் செட்டில் மூன்றாவது வரிசையின் கடைசி நான்கு மெஷின்கள் அப்படி இருந்தன. அங்கேதான் பண்டல்களைத் தோள் உயரத்துக்கு அடுக்கி ஜன்னலை மறைத்திருந்தோம். பண்டல்களை எதிர்ச் சுவருக்கு மாற்றி, இரண்டு எக்ஸாஸ்ட் ஃபேனை வாசலுக்கு எதிர்ப்பக்கம் மாட்டினோம். ஃபேன் பக்கத்திலேயே ஜன்னலைத் திறந்தால் காற்று அந்த ஜன்னல் வழியாகவே வந்து ஃபேன் வழியாகவே போய்விடும், செட்டுக்குள் புழங்காது. இது சின்ன விஷயம், ஆனால் நிறைய இடங்களில் தவறாக இருக்கிறது.

ஏ.சி. போட்டு மூடிய அலுவலகம் என்றால் கார்பன் டை ஆக்ஸைடு மீட்டர் ஒன்று வாங்குங்கள். வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும். உள்ளே ஆயிரத்தைத் தாண்டினால் ஒருவர் விட்ட மூச்சையே இன்னொருவர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள். கதவைத் திறங்கள், ஆள் எண்ணிக்கையைக் குறைத்துவிடுங்கள்.

ஆள் கணக்குக்கு ஒரு அளவுகோல் உண்டு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றது. 60 அடி நீளம், 30 அடி அகலம், 12 அடி உயரம் உள்ள செட் என்றால் 21,600 கன அடி, அதாவது சுமார் 611 கன மீட்டர். 14.2 ஆல் வகுத்தால் 43 பேர். எங்கள் செட் ஏறக்குறைய இந்த அளவுதான், அதில் நாற்பது பேர் இருந்தோம். சாதாரண நாளிலேயே விளிம்பில் இருந்திருக்கிறோம். ஆகவே காலை ஒரு பாதி, மதியம் ஒரு பாதி என்று பிரித்தோம். உற்பத்தி பாதியாகும் என்று பயந்தேன், அப்படி ஆகவில்லை. நெருக்கடி இல்லாததால் பண்டல் தேடும் நேரம் குறைந்தது, தப்பாகத் தைத்ததைப் பிரித்துத் தைக்கும் ஆல்டரேஷன் குறைந்தது.

மெஷினில் உட்காரும்போது எல்லோரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். டீ வரும்போதுதான் எல்லோரும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டு, கூட்டமாக நின்று பேசுவார்கள். டீயை வெளியே மரத்தடிக்கு மாற்றுங்கள், பத்துப் பத்துப் பேராக அனுப்புங்கள். ஆள் ஏற்றிவரும் வேனில் கண்ணாடியை மூடாதீர்கள், மழை பெய்தாலும் பாதி திறந்திருக்கட்டும். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு நீங்கள் ரூம் கொடுத்திருந்தால் அந்த ரூமும் உங்கள் கம்பெனிதான். எட்டுப் பேர் ஒரு ரூமில் படுத்தால் செட்டில் நீங்கள் செய்த ஏற்பாடெல்லாம் வீண்.

படி 5: காய்ச்சல் வந்தவரைத் தண்டிக்காதீர்கள்

தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டிலும் ஷிஃப்ட் கூலியிலும் வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் என்றால் வருமானம் நின்றுவிடும். மாத்திரை போட்டுக்கொண்டு வந்து உட்காருவார். வாசலில் தெர்மாமீட்டர் வைத்து ஆளைத் திருப்பி அனுப்பும் கம்பெனி, அவருக்கு மாத்திரை போடக் கற்றுக்கொடுக்கிறது. வழி ஒன்றுதான்: வராமல் இருந்தாலும் சம்பளம் உண்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது.

இதற்கு ஆகும் செலவைப் போட்டுப் பார்த்தால் பயம் போகும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு, சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஒரு நாள் கூலி 450 என்றால் இ.எஸ்.ஐ. 315 தரும். மீதி 135. முதல் இரண்டு நாளுக்கு இ.எஸ்.ஐ. தராது என்பதால், பத்து நாளுக்கு நீங்கள் போட வேண்டியது 1,980 ரூபாய். ஒருவர் காய்ச்சலோடு வந்து பன்னிரண்டு பேருக்கு ஒட்டிவிட்டு, செட்டை ஒரு வாரம் மூடினால் ஆகும் நஷ்டத்துக்குப் பக்கத்தில் இது ஒன்றுமே இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. பணம் வரத் தாமதமாகும். முழுத் தொகையையும் நீங்கள் முன்பணமாகக் கொடுத்துவிட்டு, வந்ததும் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு நோய் உறுதியானால் பெயரைச் சொல்லி அறிவிக்காதீர்கள். "மூன்றாவது வரிசையில் திங்கள், செவ்வாய் உட்கார்ந்தவர்கள் டெஸ்ட் எடுங்கள்" என்று சொன்னால் போதும். பெயர் வெளியே போனால் அவர் குடியிருக்கும் லைன் வீட்டில் தண்ணீர் பிடிக்க விட மாட்டார்கள். அதைப் பார்க்கும் அடுத்த ஆள் காய்ச்சலை மறைப்பார்.

இரண்டு ஆக்ஸிமீட்டர் வாங்கி வையுங்கள். வீட்டில் தனிமையில் இருப்பவருக்குக் கொடுத்து, காலை மாலை போன் செய்து அளவைக் கேளுங்கள். 94க்குக் கீழே இறங்கினால் பேச்சே வேண்டாம், ஆஸ்பத்திரி. இந்தப் போன் செய்யும் வேலையை மேனேஜரிடம் தள்ளாமல் நானே செய்தேன். 2021 மே மாதத்தில் ஒரு நாள் ஆறு பேருக்குப் பேச வேண்டியிருந்தது.

படி 6: குழந்தை வீட்டில் இருக்கும் அம்மாக்கள்

நிர்வாகப் பேச்சில் இது பெரும்பாலும் வருவதேயில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. பத்தொன்பது மாதத்துக்கு மேல். எங்கள் ஆட்களில் பாதிக்கு மேல் பெண்கள். பழைய வேலை நேரம் காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணி வரை ஒன்றரை ஷிஃப்ட். வீட்டில் ஏழு வயதுக் குழந்தையைத் தனியே விட்டுவிட்டு யார் வர முடியும்? "ஆள் கிடைக்கவில்லை" என்று நாங்கள் புலம்பிய மாதங்களில், பத்து வருடம் சிங்கர் மெஷின் ஓட்டிய அக்காக்கள் நான்கு தெரு தள்ளி வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலை பத்து முதல் நாலு மணி வரை என்று ஒரு சின்ன ஷிஃப்ட் வைத்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர், ஒருவர் காலை, ஒருவர் மதியம் என்று மாற்றி மாற்றி வர அனுமதித்தோம். ஒருவர் வேலையில் இருக்கும்போது மற்றவர் இரண்டு வீட்டுக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வார். ஒன்பது பேர் திரும்ப வந்தார்கள். பள்ளி திறந்த பிறகும் அந்தச் சின்ன ஷிஃப்டை நாங்கள் எடுக்கவில்லை.

படி 7: புது வேலைக்குத் தாவும்போது

ஊர் முழுக்க மாஸ்க்கும் பாதுகாப்பு உடையும் தைக்கத் தொடங்கியது. திருப்பூருக்கு அது உயிர் கொடுத்தது, உண்மை. துணி மாஸ்க் நாங்களும் தைத்தோம். பாதுகாப்பு உடை வேறு கதை. சாதாரண ஊசித் தையலில் ஓட்டை விழும், அதன் மேல் சூடாக டேப் ஒட்டும் மெஷின் வேண்டும். துணியும் தையலும் ரத்தத்தை உள்ளே விடாமல் தாங்குகிறதா என்று கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிலையமான சிட்ராவில் செயற்கை ரத்தம் ஊற்றிச் சோதித்தார்கள். ஒரு புரோக்கர் சர்டிஃபிகேட் இல்லாமலே தைத்துத் தரச் சொல்லி நல்ல ரேட் பேசினார். அதைப் போட்டுக்கொண்டு கொரோனா வார்டுக்குள் போகப்போவது ஒரு நர்ஸ். மறுத்துவிட்டோம். உங்களால் சோதித்துச் சான்று வாங்க முடியாத பொருளை, உயிரைக் காக்கும் பொருள் என்று விற்காதீர்கள்.

விலையும் அப்படித்தான். 2020 மார்ச்சில் மூன்றடுக்கு மாஸ்க்குக்குப் பத்து ரூபாய் என்று மத்திய அரசு உச்ச விலை வைத்தது. அரசு வைக்கும்வரை காத்திருக்காமல், உங்கள் அடக்கத்தின் மேல் எப்போதும் வைக்கும் லாபத்தையே வையுங்கள்.

படி 8: பார்ட்டியிடம் பேசுவது, ஜாப் ஒர்க்காரருக்குக் கொடுப்பது

2020 மார்ச்சில் வெளிநாட்டு பையர்கள் பலர் ஆர்டரை நிறுத்தினார்கள். பங்களாதேஷில் கோடிக்கணக்கான டாலர் ஆர்டர்கள் ரத்தாயின. தைத்து முடித்ததையும் தைத்துக்கொண்டிருப்பதையும் எடுத்துக்கொண்டு பணம் தருவோம் என்று எச் அண்ட் எம் போன்ற சில நிறுவனங்கள் அந்த மாதக் கடைசியில் அறிவித்தன. ஆக, பெரியவர்களாலும் வரிசையைச் சரியாக வைக்க முடியும்.

எங்களுக்கு வேலை கொடுத்த ஒரு கம்பெனி, "பையர் தரலை, அதனால நாங்களும் தர முடியாது" என்று ஏழு மாதம் இழுத்தது. அதே வாக்கியத்தை எங்களுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுத்தவரிடம் நான் சொல்லியிருக்கலாம். அவரிடம் மெஷின் இரண்டுதான். என் பாக்கி வராவிட்டாலும் அவருக்கு வாரம் ஐயாயிரமாகக் கொடுத்து முடித்தேன். மேலிருந்து வரும் அடியை அப்படியே கீழே கடத்தினால் கடைசியில் அது இரண்டு மெஷின்காரர் வீட்டில் போய்த்தான் நிற்கும்.

மேலே இருப்பவரிடம் கேட்க உங்களுக்குச் சட்டம் துணை இருக்கிறது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு தொழிலுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. இதற்கென அரசு வைத்திருக்கும் இணையதளத்தில் புகார் பதியலாம். 2023-24 நிதியாண்டு முதல், உரிய நாளுக்குள் தராத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டு வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது. ஆனால் இதற்கெல்லாம் சப்ளை செய்வதற்கு முன்பே சிறு தொழில்களுக்கான உத்யம் என்ற அரசுப் பதிவு இருக்க வேண்டும், வேலை கொடுத்ததற்குக் காகிதம் இருக்க வேண்டும். வாய்ச்சொல்லில் வாங்கிய ஆர்டரை நிரூபிப்பது கஷ்டம். வேலை தொடரும்போதே புகார் போட எல்லோருக்கும் தயக்கம், எனக்கும் இருந்தது. அதனால் முதலில் தேதி, பில் எண், தொகை, சட்டப்பிரிவு போட்டு மரியாதையாக ஒரு கடிதம் அனுப்பினேன். எட்டாவது மாதம் பணம் வந்தது.

படி 9: திறந்த பிறகு விட்டதைப் பிடிக்கும் ஆசை

ஆர்டர் திரும்பியதும் இரவு பகலாக ஓட்டத் தோன்றும். 2020இல் குஜராத் அரசு, 12 மணி நேர வேலைக்கும் இரட்டைக் கூலி வேண்டாம் என்று உத்தரவு போட்டது. அந்த அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி. கொடுக்க முடியாவிட்டால் டெலிவரித் தேதியைத் தள்ளிக் கேளுங்கள். நோயிலிருந்து எழுந்து வந்தவரை முதல் இரண்டு வாரம் ஒரு ஷிஃப்டுக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். எங்கள் அயர்ன் மாஸ்டர் நல்ல உடல்வாகு உள்ளவர். நோய் போய் ஒரு மாதம் ஆகியும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

தடுப்பூசி விஷயத்தில் மிரட்டல் வேலை செய்யாது, லீவு வேலை செய்யும். 2021 மே 20 அன்று 18 முதல் 44 வயது வரையானவர்களுக்கான தடுப்பூசித் திட்டத்தை முதல்வர் திருப்பூர் நேதாஜி அப்பேரல் பார்க்கில் தொடங்கிவைத்தார். எங்கள் ஆட்கள் பலர் ஊசி போட்டால் காய்ச்சல் வந்து இரண்டு நாள் கூலி போகும் என்றே தயங்கினார்கள். ஊசி போடும் நாளும் மறுநாளும் கூலியோடு லீவு என்றதும் முக்கால்வாசிப் பேர் அந்த வாரமே கிளம்பினார்கள்.

படி 10: அடுத்த தடவைக்கு இப்போதே எடுத்து வைக்க வேண்டியவை

2020 மே மாதம் மத்திய அரசு அறிவித்த அவசரக் கடன், பழைய கடன் பாக்கியில் 20 சதவீதத்தைப் புது அடமானம் கேட்காமல் தந்தது. அது 2020 பிப்ரவரி 29 அன்று வங்கிக் கணக்கில் இருந்த பாக்கியை வைத்துத்தான். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பி.எஃப். சந்தாவின் இரண்டு பங்கையும், 24 சதவீதம், அரசே கட்டியது. அதற்கும் நூறு பேர் வரை உள்ள நிறுவனம், அதில் 90 சதவீதம் பேர் 15,000க்குக் கீழ்ச் சம்பளம் என்று நிபந்தனை. வங்கிக் கடனே இல்லாதவர்களுக்கு முதலாவது கிடைக்கவில்லை, ஆட்களைக் கணக்கில் காட்டாமல் வைத்திருந்தவர்களுக்கு இரண்டாவது கிடைக்கவில்லை. உதவி அறிவித்த பிறகு காகிதம் தயார் செய்ய முடியாது. எல்லோரையும் பி.எஃப்., இ.எஸ்.ஐ.யில் சேருங்கள், சம்பளத்தை வங்கியில் போடுங்கள்.

ஆறு வாரப் பாதிச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் சேருங்கள். ஒரே மாதத்தில் முடியாது. ஒவ்வொரு பில் வரும்போதும் நூற்றுக்கு இரண்டு ரூபாய் என்று ஒதுக்கினால் சேரும். அந்தக் கணக்கின் பாஸ்புத்தகத்தைக் கம்பெனியில் வைக்காதீர்கள். நூல் வாங்கக் கை நீளும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொரு தொழிலாளியின் பெயருக்கு நேரே நான்கு விவரங்கள் எழுதுங்கள்: அவர் பேசும் மொழி, ஊரில் உள்ள உறவினரின் போன் எண், இங்கே யாரோடு தங்கியிருக்கிறார், வீட்டில் வயதானவரோ கைக்குழந்தையோ உண்டா. பென்சிலால் எழுதுங்கள். எங்கள் கம்பெனியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜைக்குச் செட்டைக் கழுவும்போதும் பங்குனி முடியும்போதும், அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டு அழித்து எழுதுகிறோம்.